ஆலி: வால் தரையிலேயே ஒட்டிக்கொள்பவர்களுக்கு

ஸ்கேட்போர்டில் ஏறி நிற்க, தள்ளிக்கொண்டு போக, நினைத்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதுவே இன்னும் தள்ளாட்டம் என்றால் இரண்டு வாரம் சும்மா ஓட்டிவிட்டு வாருங்கள். பலகை மேல் நிற்பதே பயமாக இருக்கும்போது அதோடு சேர்ந்து குதிப்பது நடக்காத காரியம்.

ஆலி என்றால் கையால் பிடிக்காமல் பலகையும் நாமும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்குவது. 'ஒல்லி' என்று எழுதுபவர்களும் உண்டு. என் உடம்புக்கு அந்தச் சொல் பொருந்தாது, அதனால் ஆலி. 1970களின் பிற்பகுதியில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் வளைந்த சுவர்களில் இதைச் செய்தார். ஆலி என்பது அவருடைய பட்டப்பெயர். அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தவர் ராட்னி மல்லன், 1980களின் தொடக்கத்தில். இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், வளைந்த சுவரில் ஏறும் வேகமே ஆளையும் பலகையையும் மேலே கொண்டுபோய்விடும். சமதரையில் அந்த உதவி கிடையாது. பலகையின் வாலைத் தரையில் அடித்து, அந்தத் துள்ளலில்தான் எழும்ப வேண்டும். நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டது இந்த ஒரே இடத்தில்.

இடது காலை முன்னால் வைப்பவர் ரெகுலர், வலது காலை வைப்பவர் கூஃபி. எதுவாக இருந்தாலும் கீழே முன்கால், பின்கால் என்றே சொல்கிறேன். பலகையின் பின்முனை வால், முன்முனை மூக்கு.

பலகை, ஷூ: என் பிடிவாதங்கள்

டெக்கின், அதாவது நாம் நிற்கும் மரப்பலகையின், அகலம் 8 அங்குலத்திலிருந்து 8.25 வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். கால் பெரிதாக இருந்தால் 8.5. சக்கரத்தின் விட்டம் 52 முதல் 54 மில்லிமீட்டர், கடினம் 99ஏ பக்கம் (எண் கூடினால் கடினமும் கூடும்). மிருதுவான 78ஏ சக்கரம் மேடுபள்ளச் சாலையில் சொகுசாக ஓடும், ஆனால் வாலை அடிக்கும்போது கீழே ஸ்பாஞ்ச் இருப்பது போலத் தோன்றும். ஓட்டுவதற்கு அது, குதிப்பதற்கு இது. பிளாஸ்டிக் ட்ரக் (சக்கரங்களை டெக்கோடு பிணைக்கும் அச்சு) போட்ட பொம்மைப் பலகையில் ஆலி பழகாதீர்கள். தப்பு உங்கள் மேலா பலகை மேலா என்று கடைசிவரை தெரியாது.

ஓட்டப்பயிற்சி ஷூ வேண்டவே வேண்டாம். அடிப்பாகம் தடிமனாக இருப்பதால் பலகை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது, மேலே இருக்கும் வலைத்துணியும் சில நாளில் கிழிந்துவிடும். தட்டையான அடிப்பாகமும் ஸ்வேட் எனும் சொரசொரப்பான தோலும் உள்ள ஷூ போதும். தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு இரண்டும் அவசியம். விழும்போது கை தானாகத் தரையில் ஊன்றிக்கொள்ளும், மூளையிடம் அனுமதி கேட்காது.

ட்ரக் ரொம்பத் தளர்வாக இருந்தால் இறங்கும்போது பலகை ஒரு பக்கமாக ஓடிவிடும். நடுவில் உள்ள பெரிய நட்டை அரைச் சுற்று இறுக்குங்கள். பிறகு தளர்த்திக்கொள்ளலாம்.

முதல் படி: கால் வைக்கும் இடம்

பின்காலின் முன்பாதம் வாலின் நடுவில் இருக்க வேண்டும். குதிகால் லேசாக வெளியே தொங்கினாலும் பரவாயில்லை. முழுப் பாதத்தையும் வாலில் பதித்து நின்றால் கணுக்காலை மடக்கி அடிக்க முடியாது. முன்காலை, ட்ரக்கை டெக்கோடு பிணைக்கும் முன்பக்க போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் சாய்வாக வையுங்கள். முன்கால் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு இழுக்க இடம் கிடைக்கும், நிலைதடுமாற்றமும் அவ்வளவு கூடும். முதலில் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பழகுங்கள்.

தோள்கள் பலகைக்கு இணையாக இருக்கட்டும். இதை இப்போது கவனிக்காமல் விட்டால் பிறகு என்னவாகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: அடிக்காமல் குதிப்பது

புல்வெளியில் பலகையை வையுங்கள். முழங்காலை மடக்கி, வாலை அடிக்காமல் நேராக மேலே குதித்து, இரண்டு காலும் போல்ட்டுகளின் மேல் இறங்குமாறு பாருங்கள். இருபது முறை. சலிப்பாகத்தான் இருக்கும். குனிவது இடுப்பிலிருந்து அல்ல, முழங்காலிலிருந்து. கீழே விழுந்த சாவியை எடுப்பவர் மாதிரி முதுகை வளைத்தால் எடை முன்னால் போய்விடும்.

மூன்றாம் படி: வாலை அடிப்பது

இனி என் புலம்பல். பார்த்த காணொளி எல்லாம் "முன்காலை இழு, முன்காலை இழு" என்றே சொன்னது. இழுத்தேன். ஷூவின் சுண்டுவிரல் பக்கத்தில் ஓட்டை விழும்வரை இழுத்தேன். மூக்கு மட்டும் ராக்கெட் மாதிரி மேலே நின்றது, வால் தரையோடு ஒட்டிக்கிடந்தது. குதிரை முன்னங்கால் தூக்கி நிற்குமே, அந்தக் கோலம்தான்.

ஒருநாள் போனைப் பலகை மட்டத்துக்கே தரையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் படம் எடுத்தேன். வினாடிக்கு 240 படம் எடுத்து, 30 படமாக ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். அதில் பார்த்தால், வால் தரையில் மோதிய பிறகும் என் பின்கால் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தது. பிரச்சினை முன்காலில் இருக்கவே இல்லை.

நடப்பது இதுதான். வாலை மிதித்ததும் பலகை பின்சக்கரத்தை ஊன்றிக்கொண்டு சீசா மாதிரி சாய்கிறது. வால் தரையில் மோதுகிறது. மோதிய பலகை துள்ள வேண்டும். அந்த நேரத்தில் என் 70 கிலோவும் வால் மேல் அழுத்திக்கொண்டிருந்தால் அது எங்கே துள்ளும்? தரையில் அடித்த பந்தை அதே கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏன் எழும்பவில்லை என்று கேட்பது போலத்தான்.

அதனால் வாலை மிதிப்பது, பிறகு குதிப்பது என்று இரண்டு வேலையாக நினைக்கவே கூடாது. குதிப்பதுதான் வேலை. குதித்து எழும்பும்போது கடைசியாகப் பாதம் தரையை உந்துமே, அந்த உந்தல்தான் வாலுக்கு விழும் அடி. உந்திய கையோடு பின்முழங்கால் மேலே வந்துவிட வேண்டும். எனக்கு இது பிடிபட்டது நொண்டியடித்துப் பார்த்தபோதுதான். பலகையே இல்லாமல் பின்காலால் மட்டும் தரையில் நொண்டியடித்துப் பாருங்கள். கணுக்கால் செய்யும் அந்த வெட்டுதான் பாப், அதாவது வாலை அடித்துத் துள்ளவைக்கும் அந்த அடி. வேறொன்றும் இல்லை.

இதைத் தனியாகப் பழக ஒரு வழி. முன்காலைப் பலகைக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பின்காலின் முன்பாதத்தை வாலில் வைத்து, வெடுக்கென்று அடித்துவிட்டு உடனே எடுத்துவிடுங்கள், சூடான தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி. சரியாகச் செய்தால் பலகை முழுதாகத் தரையை விட்டுத் துள்ளும். தவறு என்றால் செங்குத்தாக நின்று உங்கள் மேலேயே சாயும். சத்தத்தையும் கேளுங்கள். 'டொக்' என்று கூர்மையாக வந்தால் நல்லது. 'தப்' என்று அமுங்கி வந்தால் கால் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பயிற்சியைக் கெட்டித் தரையில் செய்யுங்கள். புல்வெளியில் வால் துள்ளாது, புல்லிலேயே பழகினால் பலகை மேல் வீண் சந்தேகம்தான் மிஞ்சும்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பழகலாமா என்றால், என் பதில் வேண்டாம். அப்போது நம்மைத் தூக்குவது கை. கையை எடுத்ததும் பழைய நிலைதான். சக்கரம் உருளாமல் இருக்க மாட்டுகிறார்களே ரப்பர் துண்டு, அதை முதல் சில நாள் பயன்படுத்துவதில் தப்பில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அதிலேயே இருந்தால் பலகை உருளும் என்பதே மறந்துபோகும்.

நான்காம் படி: முன்கால்

முன்காலை 'இழு' என்பதை விட 'முழங்காலை நெஞ்சுக்குத் தூக்கு' என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஷூ மிச்சமாகியிருக்கும். வால் அடிபட்டு மூக்கு எழும்பும்போது முன்காலின் கணுக்காலை உள்பக்கமாகச் சாய்த்தால், சுண்டுவிரல் பக்கம் கிரிப் டேப்பில் (டெக்கின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான தாளில்) உரசிக்கொண்டு மூக்கை நோக்கிப் போகும். அந்த உராய்வு பலகையையும் கூடவே மேலே கொண்டுவரும். காலை முன்னால் உதைத்தால் பலகை உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடும். முதலில் மேலே, பிறகுதான் முன்னே.

ஐந்தாம் படி: சமமாக்கி இறங்குவது

உச்சியில் முன்பாதம் மூக்குப் பக்கமாக லேசாகத் தள்ளினால் மூக்கு தாழும், வால் எழும்பி வந்து பின்பாதத்தைத் தொடும். பின்முழங்கால் மேலே வந்திருந்தால் மட்டுமே வாலுக்கு எழும்ப இடம் இருக்கும். மறுபடியும் அதே பின்கால்தான், பாருங்கள்.

இறங்கும்போது நான்கு சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும், பாதங்கள் போல்ட்டுகளின் மேல் இருக்க வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும். இரண்டு காலும் நடுவில் இறங்கினால் டெக் முறியக்கூடும். காற்றில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் வீரம் காட்டாமல் இரண்டு காலையும் பலகைக்கு வெளியே தரையில் வைத்துவிடுங்கள். பலகை பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும்போது அதன் மேல் இறங்கினால் கணுக்கால் பிசகும். எனக்குப் பிசகியது. மூன்று வாரம் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் மாட்டிக்கொண்ட இடங்கள்

"நின்ற இடத்தில் வருகிறது, ஓடும்போது வரவில்லை." இதுதான் அதிகம் பேர் கேட்டது. நான் முதலில் எழுதும்போது நின்ற இடத்தில் முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகே ஓடச் சொல்லியிருந்தேன். இப்போது மாற்றிக்கொள்கிறேன். நாலு விரல் உயரம் வந்ததுமே நடை வேகத்தில் ஓடிப் பழகுங்கள். உருளும் பலகை தன் பாட்டுக்கு நேராகப் போகும். நின்ற பலகைதான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நழுவும். பலகை முன்னால் ஓடிவிடுமோ என்ற பயத்தில் பலர் முன்னோக்கித் தாவுகிறார்கள். தேவையில்லை. ஓடும் பேருந்துக்குள் மேலே எறிந்த பந்து கைக்கே திரும்புகிறது அல்லவா? நீங்களும் பலகையும் ஒரே வேகத்தில் போகிறீர்கள், நேராக மேலே குதித்தால் போதும்.

"காற்றில் பலகை திரும்பிவிடுகிறது." தோள். முன்னால் பார்க்கும் ஆசையில் தோள் திறந்துகொள்கிறது, இடுப்பும் காலும் அதன் பின்னாலேயே போகின்றன. முன்தோளுக்கு மேலாகத் தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். அப்படியும் திரும்பினால் பின்பாதம் வாலின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரமாக அடித்தாலும் திரும்பும்.

"ஒரு கால் மட்டும் தரையில் இறங்கிவிடுகிறது." பயம், வேறு காரணம் இல்லை. புல்வெளிக்குத் திரும்பி, எவ்வளவு கேவலமான குதிப்பாக இருந்தாலும் இரண்டு காலும் பலகை மேல்தான் இறங்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் பழகுங்கள். உயரத்தை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் 'டொக்' வரவில்லை. கடைசியில் பார்த்தால் பலகை மழையில் நனைந்திருக்கிறது. டெக் என்பது மரத் தகடுகளைப் பசை போட்டு ஒட்டியது, பெரும்பாலும் ஏழு அடுக்கு மேப்பிள். தண்ணீர் ஏறினால் விறைப்பு போய்விடும், அடுக்குகள் பிரியவும் ஆரம்பிக்கும். காயவைத்தாலும் பழைய துள்ளல் வராது.

உயரத்தைக் கூட்ட

வெறும் தரையில் எவ்வளவு எழும்பினோம் என்பதை மனம் எப்போதும் கூட்டித்தான் சொல்லும். முதலில் சாக்பீஸ் கோடு, பிறகு படுக்கவைத்த காலி பாட்டில். வாலை இன்னும் பலமாக அடித்தால் உயரம் கூடும் என்று நினைக்கிறோம். உண்மையில் உங்கள் பாதம் எவ்வளவு மேலே போகிறதோ பலகை அதைத் தாண்டிப் போக முடியாது. எனவே நன்றாகக் குனிந்து, முழுதாக நிமிர்ந்து குதித்து, இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள்.

பாட்டில் நகர்ந்துவிட்டால் எந்தச் சக்கரம் தட்டியது என்று பாருங்கள். முன்சக்கரம் என்றால் தாமதமாக அடித்திருக்கிறீர்கள், அடுத்த முறை ஒரு சாண் முன்னதாகவே அடியுங்கள். பின்சக்கரம் என்றால் ஒன்று பின்முழங்கால் மேலே வரவில்லை, அல்லது முன்கால் மூக்கைத் தாழ்த்தவில்லை. என் பாட்டிலைத் தட்டுவது இன்றுவரை பின்சக்கரம்தான்.