ஈம் கிராமத்து வரலாறு: பலரும் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் ஈம், பிளேக் கிராமம் என்றே பெயரெடுத்த ஊர். 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்த துணியோடு நோயும் வந்தது என்பார்கள். முதல் பலி, அந்த வீட்டில் தங்கியிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ்.

இந்த ஊரின் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள் முதலில் கோட்டைவிடுவது ஆண்டுக் கணக்கில். 1752க்கு முன்பு இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஆகவே பதிவேட்டில் ‘1665 பிப்ரவரி’ என்று இருந்தால் நமக்கு அது 1666. இது தெரியாமல் பட்டியல் போட்டால், விக்கர்ஸுக்குப் பிறகு இறந்தவர் அவருக்கு ஏழு மாதம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்! ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிகளை 1665/66 என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

அடுத்தது, நோய் வெளியே பரவாதிருக்க யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை என்று, நோய் வந்ததுமே ஊர் தன்னைப் பூட்டிக்கொண்டது என்ற கதை. அப்படி முடிவெடுத்தது 1666 ஜூனில். அதற்குள் வசதியுள்ள சிலர் வெளியேறிவிட்டார்கள். பாதிரியார் வில்லியம் மாம்பெஸனே தன் பிள்ளைகளை முன்கூட்டி அனுப்பிவிட்டார். அதற்காக, ஊரைப் பூட்ட மக்களைச் சம்மதிக்கவைக்க அவர் செய்தது சிறிதாகிவிடாது. ஆனால் பாராட்டை அவருக்கு மட்டும் கொடுப்பது சரியல்ல. அவருக்கு முன்பு பதவியில் இருந்து, பாதிரியார்கள் எல்லோரும் அரசு ஏற்ற வழிபாட்டு முறையையே பின்பற்ற வேண்டும் என்ற 1662 சட்டத்துக்குப் பணியாத தாமஸ் ஸ்டான்லியைத்தான் ஊரார் அதிகம் நம்பினார்கள். ஸ்டான்லி மாம்பெஸனோடு சேர்ந்து நின்றிருக்காவிட்டால் மக்கள் சம்மதித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 76 குடும்பங்களில் 259 பேர் இறந்ததாக மாம்பெஸன் கடிதத்தில் எழுதினார். குழப்பம் மொத்த மக்கள்தொகையில். பழைய நூல்கள் சொல்லும் 350-ஐ எடுத்துக்கொண்டால் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். வீட்டிலுள்ள அடுப்புகளை எண்ணி வசூலித்த அடுப்பு வரியின் பட்டியலையும் பதிவேட்டையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள் 700-க்கும் மேல் என்கிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எந்த மொத்தத்தை வைத்துச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் சதவீதம் எழுதவே கூடாது.

அப்புறம், தேவாலய வளாகத்தில் கல்லறைக் கல் இல்லை என்பதால் இன்னார் பிளேக்கில் சாகவில்லை என்று முடிவு கட்டுவது. இறந்தவர்கள் பலரை வீட்டுத் தோட்டத்திலும் வயலிலும்தான் புதைத்தார்கள். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் ஊருக்கு வெளியே, தன் வீட்டருகே தானே அடக்கம் செய்தார். ரைலி கல்லறைகள் என்று இன்றும் அவற்றைப் போய்ப் பார்க்கலாம்.