ஜூலு ராப்பைத் தமிழில் தருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி ஜூலு ராப் பாட்டு ஒன்றுக்குத் தமிழில் வரி போட்டு அனுப்பியிருந்தான். நல்ல உழைப்பு. ஆனால் நடுவே இருபது விநாடிக்கு வெறும் மூன்று புள்ளி. "அங்கே ஏதோ பெயராகவே சொல்லிக்கிட்டுப் போறார் அண்ணா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பல வருஷம் முன்னால் நான் செய்த அதே தப்பு. எழுத்துப்பிழை, உச்சரிப்பு எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

பெயர்களை வெட்டுவது

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடம் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு புகழ்மாலை உண்டு. இஸிதாகஸேலோ என்பார்கள். முன்னோர் பெயர்கள் அடுக்கடுக்காக வரும். ம்கீஸே குலத்தவரை மரியாதையாகக் கூப்பிட 'கபஸேலா' என்றாலே போதும். மண்டேலாவை 'மடிபா' என்றார்களே, அதுவும் செல்லப்பெயர் அல்ல, கோஸா இனத்தில் அவருடைய குலப்பெயர்.

தனி ஆளைப் புகழ்வது இஸிபோங்கோ. அரசர் முன்னால் இம்போங்கி என்ற புகழ்பாடகர் மூச்சுவிடாமல் சொல்வார். வேலை தேடி நகரத்துக்குப் போன ஜூலு ஆண்கள் அதை மஸ்காந்தி என்ற தங்கள் கிதார் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பாட்டின் நடுவில் ராகத்தை விட்டுவிட்டு, கிதார் ஓடிக்கொண்டிருக்க, தன் குலம், தன் ஊர் என்று படபடவெனச் சொல்லிக்கொண்டே போவார்கள். அமெரிக்க ராப் வந்து இறங்கும் முன்பே இருந்த வழக்கம் இது. பெர்க்வில் என்ற ஊரிலிருந்து வந்த ராப் பாடகர் பிக் ஜூலு பாடும்போது கேட்பது அந்த மூச்சுதான்.

நான் அதை வெட்டினேன். இணைய வானொலிக்கு ஆறு பகுதி தொகுத்தபோது, நேரம் போதவில்லை என்று எல்லாவற்றிலும் பெயர் வரும் இடத்தில் கத்தரி வைத்தேன். எனக்கு வரிகளை விளக்கித் தந்த டர்பன் நண்பர் கேட்டுவிட்டு அழைத்தார். தன் தாத்தாவின் பெயர் வரும் இடம் அது என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஆறையும் மறுபடி தொகுத்தேன், வந்த பணமெல்லாம் அதிலேயே போயிற்று. அப்புறம் அவர் எனக்கு ஒரு வரிகூட விளக்கித் தரவில்லை. இன்றைக்கும் யாராவது அங்கே புள்ளி வைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். ஒலிக்கிறபடியே எழுதி, யார் என்று பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

அகராதியோடு நிற்பது

'இன்காபி' அகராதியில் எருது. தெருப்பேச்சில் கூலிக்குக் கொலை செய்பவன். பிக் ஜூலு தன் பாணிக்கே 'இன்காபி ராப்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். 'எருது ராப்' என்று எழுதினால் பாதி அர்த்தம் போய்விடும்.

ஜூலு நேஷன்

பெயரைப் பார்த்து இதையும் ஜூலு ராப்போடு சேர்த்துவிடாதீர்கள். அது நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஆப்ரிக்கா பம்பாட்டா தொடங்கிய அமைப்பு. வேறு கதை.

கோம்

இதையும் ராப் என்று எழுதாதீர்கள். டர்பனின் நடன இசை.

கலப்பு மொழியைக் குறை சொல்வது

ஆங்கிலம் கலந்தால் ஜூலு பெருமை குறைந்துவிட்டது என்று எழுதாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவின் ராப் பாடகர் ப்ரோகிட் ஜூலுவைத் தெருமொழியோடு கலந்துதான் பாடினார். சொவேட்டோ பேசுவதே அப்படித்தான். 2018-இல் காலமானார். அவருடைய குடும்பப் பெயர் ம்கீஸே.