வகுப்பறை நாடகத்தின் வழியே அடையாளத்தைப் பேசுதல்

கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளும், இருளர் குடியிருப்பிலிருந்து வருபவர்களும், பிழைப்புக்காக வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். எல்லோரையும் சமமாக மதிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால் தலையாட்டுகிறார்கள்; இடைவேளையில் பட்டப்பெயர்கள் தொடர்கின்றன. அந்த இடைவேளையை வகுப்புக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பேச நாடகம் இடம் தருகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்த மாணவரையும் அவருடைய சொந்தக் கதையை நடிக்கச் சொல்லக் கூடாது. இருளர் மாணவரை இருளராகவே நடிக்க வைப்பது, அவர் அன்றாடம் விழுங்கும் அவமானத்தை எல்லோர் முன்னிலையிலும் மறுபடி நிகழ்த்துவதாகும். ஆகவே, வகுப்பில் இருக்கும் எவரையும் சுட்டாத ஒரு கற்பனைப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தொடக்கப் பயிற்சிக்கு நம் பகுதியின் தெருக்கூத்தே போதும். இரண்டு மாணவர்கள் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடிக்க, கட்டியங்காரனாக, அதாவது கூத்தை நடத்திச் செல்பவராக, நிற்பவர் "யார் வருவது?" என்று கேட்க, வருபவர் திரைக்குப் பின்னிருந்தபடியே தன்னைப் பற்றித் தான் சொல்ல விரும்பும் சிலவற்றைச் சொல்லிவிட்டு வெளியே வரலாம். சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரை இன்னொருவர் அறிமுகப்படுத்தவும் கூடாது.

அடுத்து ஒரு சிறு காட்சி. திருநெல்வேலியிலிருந்து புதிதாகச் சேர்ந்த மாணவரிடம் வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை என்று ஆசிரியர் கேட்கிறார். "அம்மா ஊருக்குப் போயிருக்காவ சார்" என்கிறார் அவர். பின் வரிசையிலிருந்து ஒருவர் "போயிருக்காவ" என்று இழுத்துச் சொல்ல, வகுப்பே சிரிக்கிறது. புதியவர் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார். இங்கே கட்டியங்காரன் கைதட்டி நாடகத்தை நிறுத்த, நடிப்பவர்கள் அப்படியே உறைய வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் இப்போது ஒவ்வொருவராக எழுந்துவந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு காட்சியை வேறு விதமாக நகர்த்திப் பார்க்கலாம். பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த முறை இது. அவருடைய முறையில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் இடத்தைத்தான் பார்வையாளர் எடுத்துக்கொள்வார். பள்ளியிலோ, அருகில் அமர்ந்து சிரித்தும் சிரிக்காமலும் இருந்த மாணவரின் இடத்தை முதலில் மாற்றிப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. கேலியைச் சமாளிக்கும் பொறுப்பையும் கேலிக்கு ஆளானவர் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. கேலி செய்தவர் உடனே மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வதாக யாராவது முடித்தால், "நம் வகுப்பில் இப்படி நடக்குமா?" என்று மற்றவர்களிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்தான் உண்மையான பேச்சு தொடங்கும். அப்போது ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் பொறுத்திருக்க வேண்டும்.

45 நிமிட வகுப்பில் கடைசி 10 நிமிடங்களை நடிப்பிலிருந்து வெளிவருவதற்கென ஒதுக்குங்கள். கேலி செய்பவராக நடித்தவர் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, "அது நான் இல்லை, பாத்திரம்" என்று அறிவித்துவிட்டு இருக்கைக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் கேலி செய்பவர் என்ற பெயர் அவருக்கே ஒட்டிக்கொள்ளும்.

சில நாட்கள் கழித்து ஒரு மாணவர் தனியே வந்து தன் சொந்த அனுபவத்தைச் சொல்லக்கூடும். அதை அடுத்த நாடகத்துக்குக் கருவாக்காதீர்கள். அவர் சொல்வதில் வன்முறையோ துன்புறுத்தலோ இருந்தால், தலைமையாசிரியரிடம் தெரிவிப்பதோடு 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் அழையுங்கள். யாரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை முன்னதாக அந்த மாணவரிடமே சொல்லிவிடுங்கள்.