முதல் சம்பளத்தில் சின்னக் கார்: எரியாத விளக்கை நம்பாதீர்கள்

படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த ஐந்தாவது மாதம், ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த சின்னக் காரை வாங்கினேன். விலை குறைவு, வண்டி பளபளப்பு. நான்காம் நாள் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதைச் சரிசெய்த செலவில் இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது. அண்மையில் தங்கைக்குக் கார் பார்த்தபோது நான் பின்பற்றிய முறை இது.

1. விலையை அல்ல, மாதச் செலவை எழுதுங்கள்

தவணை, இன்சூரன்ஸ், எரிபொருள், சர்வீஸ், டயர், நிறுத்துமிட வாடகை எல்லாவற்றையும் மாதக் கணக்கில் எழுதிக் கூட்டுங்கள். இதற்குத் தனிச் செயலி எதற்கு? ஒரு தாளும் பேனாவும் போதும். எழுதும்போதுதான் கை தயங்குகிறது.

இன்சூரன்ஸ் தொகையைக் காரை முடிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். இளம் ஓட்டுநருக்குக் கூடுதலாகக் கேட்கும் இடங்கள் பல. கடன் வாங்கினால் வட்டி எந்த வகை என்று கேளுங்கள். ‘7 சதவீதம்தான்’ என்பார்கள். அது முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டியானால், ஐந்தாண்டுக் கடனில் குறையும் நிலுவைக்குப் போடும் 12 சதவீத வட்டியைவிட அதிகம்.

2. மைலேஜ் மயக்கம்

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்குப் பதில் 20 தரும் காரை எடுத்தால் ஏறத்தாழ 167 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்குப் போனால் மிச்சம் 100 லிட்டர்தான். அந்தக் கடைசி 5 கிலோமீட்டருக்காகப் பெரிய தொகை கூடுதலாகக் கேட்டால், எத்தனை ஆண்டுகளில் அது திரும்பும் என்று வகுத்துப் பாருங்கள். விளம்பர எண்கள் ஆய்வகத்தில் எடுத்தவை, சாலையில் குறையும்.

என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன்: டர்போ இல்லாத எளிய பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், சின்னச் சக்கரம். பெரிய அலாய் சக்கரம் அழகுதான். டயர் மாற்றும் நாளில் அந்த அழகுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

3. நான் வழுக்கி விழுந்த இடம்

சாவியை ஒரு நிலை திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்குகளைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு அப்போது எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.

என் கார் இந்தச் சோதனையில் தேறியது. ஆனால் காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளை ஒரு பொத்தானில் அழித்துவிட முடியும் என்பது எனக்குத் தெரியாது. பழுது அப்படியே இருக்கும், விளக்கு மட்டும் சில நாள் தூங்கும். என் காரில் விழித்தபோது வந்த குறியீடு பி0420. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கானது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் உள்ளன. விலை ஏன் அப்படி என்று புரிந்துகொள்ளலாம்.

இதைப் பிடிக்க, காரின் கணினியில் உள்ளதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் என்ற சின்னக் கருவி வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் துளையில் செருகுவது. புளூடூத் வகை மலிவு, ஆனால் விற்பவர் பக்கத்தில் நிற்கும்போது அது கைப்பேசியோடு இணைய மறுக்கும். நான் கம்பி வைத்த கைக்கருவியைத்தான் எடுத்துச் செல்கிறேன். குறியீடு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தைத் திறங்கள். காரின் கணினி தன் பாகங்களைத் தானே சோதித்து முடித்ததா என்று அது காட்டும். பல வரிகளில் ‘முடியவில்லை’ என்று இருந்தால், அண்மையில் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கலாம்.

4. மற்றவை, விரைவாக

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. உயர் கியரில் மெதுவாகப் போகும்போது முடுக்கியை அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கடைசியாக உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: மூன்றாம் படியைப் படித்த ஒருவர், பேட்டரி மாற்றினாலும் அந்தச் சோதனைகள் அழிந்துவிடுமே, நல்ல விற்பனையாளரைச் சந்தேகிக்கலாமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பேட்டரி புதிதா என்று பாருங்கள். புதிதென்றால் சண்டை வேண்டாம். வண்டியைச் சில நாள் வழக்கம்போல் ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி போய்ச் செருகிப் பாருங்கள். தங்கைக்குப் பார்த்த முதல் காரில் இதைத்தான் சொன்னோம். விற்பவர் அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது காரின் உரிமையாளர் ஒரு வாரம் ஓட்டிவிட்டு அவரே அழைத்தார். அதைத்தான் வாங்கினோம்.