இறந்துபோன அப்பாவின் கடைசி வருமான வரி ரிட்டர்னை நான் போட்ட கதை, நீங்கள் போடுவதற்கான வழி

அப்பாவின் டைரியில் கரண்ட் பில் எண்ணுக்குக் கீழே வருமான வரி பாஸ்வேர்டும் எழுதியிருந்தது. "அதான் இருக்கேக்கா, அவர் போனுக்கு ஓடிபி வரும், போட்டு முடிச்சிடுங்க" என்றார் திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடைத் தம்பி. அப்படிச் செய்யாதீர்கள். இறந்தவரே வந்து உறுதிமொழி கொடுத்ததாக ஆகிவிடும். நம்முடைய பான் எண்ணில் நுழைந்து, வாரிசு என்று பதிந்துகொண்டுதான் அவருக்காகத் தாக்கல் செய்ய வேண்டும்.

அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 2024 நவம்பர் நடுவில் தவறினார். காரியம் முடிந்த கையோடு ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். பீரோவின் அடித்தட்டில் முழங்கை அளவு தண்ணீர். எஃப்டி ரசீதுகள் கூழாகிவிட்டன. பான் கார்டு மட்டும் துடைத்ததும் பிழைத்துக்கொண்டது.

தேவைப்படுவது மூன்று: அவருடைய பான் நகல், இறப்புச் சான்றிதழ், நாம் வாரிசு என்பதற்கான ஆதாரம். மூன்றாவதில்தான் நான் சறுக்கினேன். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் மனுப் போட்டிருந்தேன், வரவில்லை. நாமினி யார் என்று வங்கி தரும் கடிதமும் செல்லும் என்பதால் அதை வாங்கி ஏற்றினேன். சில நாளில் நிராகரிப்பு. கடிதத்தை எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள், கையெழுத்து இருக்கிறது, சீல் இல்லை. லெட்டர்பேடில், சீலோடு, கணக்கு விவரத்தோடு கேட்டு வாங்குங்கள். பதிவு செய்த உயில், குடும்ப ஓய்வூதியச் சான்று இவையும் ஏற்கப்படும். சான்று தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பில் நோட்டரி கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது முறை வாரிசுச் சான்றிதழே கைக்கு வந்துவிட்டது, அதையே ஏற்றினேன்.

வருமான வரி இணையதளத்தில் 'ஆதரைஸ்டு பார்ட்னர்ஸ்' மெனுவுக்குள் 'ரிஜிஸ்டர் ஆஸ் ரெப்ரசென்டேட்டிவ்' இருக்கும். புதிய கோரிக்கை போட்டு, வகையில் 'டிசீஸ்டு, லீகல் ஹெயர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவர் பெயரைப் பான் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் ஊரில் இது பெரிய தொல்லை: அப்பாவுக்கு எல்லாச் சான்றிதழிலும் ஓரெழுத்து இனிஷியல், பான் கார்டில் மட்டும் தாத்தா பெயர் முழுதாக நீட்டி முழக்கிக்கொண்டிருந்தது. ஒப்புதல் ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சலில் வந்தது. அதன்பின் நம் லாகினிலேயே அவர் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். அவர் பெயரில் பிடித்த வரியும் வந்த வருமானமும் காட்டும் பட்டியல்களான 26ஏஎஸ், ஏஐஎஸ் எல்லாம் தெரியும்.

இனிதான் கணக்கு. ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை வந்த வருமானம் மட்டுமே அவருடையது. மாதம் குறைகிறதே என்று வரிவிலக்கு வரம்பு குறையாது, முழு ஆண்டுக்கானது அப்படியே கிடைக்கும். அதற்குப் பிறகு வந்த குடும்ப ஓய்வூதியம் அம்மாவின் வருமானம், அம்மாவின் ரிட்டர்னில். எஃப்டி வட்டிதான் வம்பு. நாங்கள் வங்கிக்குத் தாமதமாகச் சொன்னதால் மார்ச் வரை எல்லா வட்டியும், அதில் வங்கி முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ்ஸும் அப்பா பான் எண்ணிலேயே ஏறியிருந்தது. இறந்த தேதியோடு வட்டியைப் பிரித்துக் கணக்கு கேட்டு, மேனேஜர் முன்னால் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தேன். நீங்கள் இறப்புச் சான்றிதழ் வந்த வாரமே வங்கிக்குப் போய்விடுங்கள்.

ஓய்வூதியமும் வட்டியும் மட்டும் என்பதால் ஐடிஆர்-1 என்ற எளிய படிவமே போதுமானதாக இருந்தது. புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக, வருமானம் 2024-25 நிதியாண்டுக்கு இருந்த 7 லட்ச வரம்புக்குள் நின்றதால் வரி இல்லை. பிடித்த டிடிஎஸ் திரும்ப வர வேண்டியதுதான். படிவத்தில் பிரதிநிதியாகத் தாக்கல் செய்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் போட்டு நம் விவரம் தர வேண்டும். சரிபார்ப்பு நம் ஆதார் ஓடிபியில், தாக்கல் செய்த 30 நாளுக்குள்.

"வரி பாக்கி ஏதாவது இருந்தா நம்ம நகையை எடுத்துடுவாங்களா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். மாட்டார்கள். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு.

ரீஃபண்ட் வரும்வரை அவர் பெயர் உள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். எங்களுக்கு அம்மாவோடு சேர்ந்த கணக்கில் வந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் பான் எண்ணை ஒப்படைக்க வருமான வரி அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன், இறப்புச் சான்றிதழின் நகலோடு.