சோயா பால் பவுடர் கட்டி தட்டாமல் கலக்க

எங்கள் பாப்பாவுக்கு எட்டு மாசத்தில் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் சோயா பவுடர் (கைக்குழந்தைக்கென்றே செய்த ஃபார்முலா) எழுதிக்கொடுத்தார். நீங்களாக வாங்கி மாற்றாதீர்கள், பசும்பால் ஆகாத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஆகாது, குறைமாதக் குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். பாட்டிலைக் கழுவிக் கொதிக்கவைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராகக் கலக்குவதற்கு வருகிறேன்.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, 70 டிகிரிக்குக் கீழே போவதற்குள் கலக்க வேண்டும். டப்பாவை அப்போதுதான் பிரித்திருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் மூடிவைத்த தண்ணீர் அரைமணி கழித்தும் கையைச் சுடும். மார்கழியில் ஏற்காடு போனோம், 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, அந்தக் குளிரில் ஆறுவதும் வேகம். வழக்கம்போல அரைமணி விட்டுக் கலக்கினால் அரிசிக் குருணை மாதிரி கட்டி, நிப்பிள் அடைத்துப் பாப்பா ஒரே அழுகை, அத்தை வேறு "பசும்பாலே காச்சிக் குடுத்திருக்கலாம் கண்ணு" என்கிறார்.

மறுநாளே சமையல் தெர்மாமீட்டர் வாங்கினேன். பால் கலக்கும் மெஷின் எல்லாம் தண்டச் செலவு.

பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். மாற்றிப் போட்டால் தண்ணீர் அளவு குறைந்து பால் கெட்டியாகிவிடும். எங்கள் டப்பாவில் 30 மில்லிக்கு ஒரு ஸ்பூன், உங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அமுக்காமல் அள்ளி, கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். சோயா நன்றாக நுரைக்கும், அதனால் குலுக்காமல் மத்து கடைவது போல உள்ளங்கைகளுக்கு நடுவில் பாட்டிலை உருட்டுங்கள். அப்புறம் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வாய் வைக்காததே வெளியே இரண்டு மணி நேரம்தான், சேலத்து வெயிலில் நான் ஒரு மணி நேரம்கூட வைப்பதில்லை.

பிற்சேர்க்கை: கடைச் சோயா பாலும் மீல் மேக்கர் ஊறிய தண்ணீரும் ஆகுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, ஒரு வயசுக்குள் இரண்டுமே கூடாது. பவுடரில் இரும்பு, கால்சியம், மெத்தியோனின் (புரதத்தின் ஒரு கூறு) எல்லாம் குழந்தைக்கு வேண்டிய அளவில் அளந்து சேர்த்திருக்கிறார்கள், அதுகளில் அந்த அளவு கிடையாது.

பயணத்துக்கு: கொதித்த தண்ணீரை ஸ்டீல் பிளாஸ்க்கில் தனியாக, பவுடரை ஈரமில்லாத டப்பாவில் தனியாகக் கொண்டுபோய் அங்கே கலக்குங்கள். போன வாரம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்துத் திறந்து பார்த்தேன், 81 டிகிரி.