திருப்பணிக் குழு கலைந்த பிறகு இணையதளம் என்ன ஆகிறது? காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து ஊர்களில் குடமுழுக்குக்கு ஒரு திருப்பணிக் குழு அமைந்தால், இப்போதெல்லாம் அதற்கென்று ஓர் இணையதளமும் தொடங்கப்படுகிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகள் நன்கொடை அனுப்புவதற்கான வங்கி விவரம், புள்ளிவாரியான (குடும்பவாரியான) வரிப் பட்டியல், யாகசாலை நிகழ்ச்சி நிரல், திருப்பணிக்கு முந்தைய கோபுரத்தின் படங்கள் எனப் பலவும் அதில் ஏறுகின்றன. மண்டலாபிஷேகம் முடிந்து வரவு செலவுக் கணக்கு ஒப்படைக்கப்பட்டதும் குழு கலைந்துவிடும். இணையதளத்தை மட்டும் யாரும் ஒப்படைப்பதுமில்லை, யாரும் கேட்டு வாங்கிக்கொள்வதுமில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், தனியார் திருமணத் தகவல் மையம், பழைய வீடொன்றில் நடந்துவந்த தங்கும் விடுதி, வெளிநாட்டில் உறுப்பினர் குறைந்து முடங்கிப்போன ஊர்ச் சங்கம் ஆகியவற்றின் தளங்களுக்கும் இதே கதிதான் நேர்கிறது.

இத்தகைய தளங்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அமைப்பை மூடிய பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் மாலையில் முடிந்துவிடக்கூடிய வேலை, மூடிய பிறகு பலரிடம் கெஞ்சிக் கேட்டும் முடியாமல் போகிறது. கடவுச்சொல் தெரிந்தவர் ஊரில் இருக்கும்போது, தளத்தை இணையத்தில் வைத்திருப்பதற்கான ஹோஸ்டிங் கட்டணம் கட்டப்பட்டிருக்கும்போது, ஓடிபி வந்து சேரும் கைபேசி எண் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் தளத்தின் இணைய முகவரியான டொமைனைப் பார்ப்போம். அமைப்பின் பெயரில் உள்ள முகவரி அமைப்புக்கே சொந்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் குழுவில் இருந்த யாரோ ஒருவரின் மகன் தன் சொந்த மின்னஞ்சலையும் கடன் அட்டையையும் கொடுத்து வாங்கியதாகவே இருக்கும். அவருடைய அட்டை காலாவதியானால் தளமும் காலாவதியாகும். டாட் காம் முகவரி ஒன்று புதுப்பிக்கப்படாமல் போனால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை பழைய கட்டணத்திலேயே புதுப்பிக்க வாய்ப்பிருக்கலாம். அடுத்த 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். அதற்குப் பின் 5 நாளில் பெயர் அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். இப்படி விடப்படும் பெயர்களை வாங்குவதற்கென்றே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கோவில் அழைப்பிதழில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சூதாட்ட விளம்பரம் திறக்கும் அவலம் இப்படித்தான் நேர்கிறது. இதைவிட மோசமான ஆபத்தும் உண்டு. பெயரை வாங்கியவர் அந்தப் பெயரில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளையும் மீண்டும் உருவாக்கி, அவற்றைக் கொண்டு திறந்த பிற கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றிவிட முடியும். ஆகவே, தளத்தை நிறுத்துவது என்று முடிவெடுத்தாலும் டொமைனை உடனே விட்டுவிடக் கூடாது. நகரச் சிவன் கோவில் நிர்வாகம் போல நிலைத்து இருக்கக்கூடிய ஓர் அமைப்பின் பெயருக்கு அதை மாற்றி, கையிருப்பில் மிஞ்சிய தொகையிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே புதுப்பித்துவிடுவது நல்லது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டு வரை புதுப்பிக்கலாம்.

‘எப்படியும் வேபேக் மெஷினில் இருக்கும்’ என்று, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துக் காட்டும் சேவையை நம்பியிருப்பது அடுத்த தவறு. 1996இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனம் 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அந்தச் சேவை உலகத்துக்கே செய்யும் உபகாரம் பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன் தானியங்கி நிரல் இணைப்புகளைப் பின்பற்றித்தான் பக்கங்களைச் சேகரிக்கிறது. ஊர்ப்பெயரைப் பெட்டியில் தட்டச்சு செய்து தேடினால் மட்டும் தோன்றும் நன்கொடையாளர் விவரம், உள்நுழைந்தால் மட்டும் தெரியும் உறுப்பினர் பக்கம் ஆகியவற்றை அது எட்டுவதில்லை. அங்கே ஒரு பக்கத்தைச் சேமிக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அதில் முகப்பின் முகவரியைக் கொடுத்துவிட்டு முழுத் தளமும் சேர்ந்துவிட்டது என்று நிம்மதி அடைபவர்கள் பலர். அது அந்த ஒரு பக்கத்தை மட்டுமே சேமித்திருக்கும். உள்ளே ஆழத்தில் இருக்கும் மூன்று நான்கு பக்கங்களையும் ஒரு பிடிஎஃப் கோப்பையும் எடுத்து அவை அங்கே திறக்கின்றனவா என்று பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும். தவிர, 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்தச் சேவையே சில நாள்கள் முடங்கிக் கிடந்தது. அதை இரண்டாவது துணையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே துணையாக நம்பிவிடக் கூடாது.

சேமிக்கும் முறையிலும் தவறுகள் நிகழ்கின்றன. பக்கங்களை ஸ்கிரீன்ஷாட்டாக எடுப்பதும் பிடிஎஃப் ஆக அச்சிடுவதும் ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட மேல்தான். ஆனால் அவற்றில் இணைப்புகள் அறுந்துபோகும், ஒலியும் காணொளியும் காணாமல் போகும், மூல நிரல் மிஞ்சாது. இணையக் காப்பகங்கள் கையாளும் வடிவத்துக்கு வார்க் என்று பெயர். 2009 முதல் அது ஐஎஸ்ஓ 28500 என்னும் பன்னாட்டுத் தரம். தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் எதை, எந்த நேரத்தில், என்ன தலைப்புக் குறிப்புகளோடு அனுப்பியதோ அதை அப்படியே ஒரே கோப்பில் அது பதிந்து வைக்கிறது. டபிள்யூகெட் என்னும் இலவசக் கருவி இதை உருவாக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்னும் குரோம் நீட்சியை நிறுவிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சென்றாலே போதும். பார்ப்பது எல்லாம் பதிவாகிவிடும். பிறகு அதை ரீப்ளேவெப்.பேஜ் மூலம் திறந்து பார்க்கலாம்.

வார்க் வடிவத்தை நான் வலியுறுத்துவதற்குத் தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. தமிழ்த் தலைப்பு கொண்ட முகவரியை இணையம் விழுக்காட்டுக் குறி (%) சேர்ந்த குறியீடுகளாக மாற்றித்தான் அனுப்புகிறது. திரையில் ஐந்து எழுத்தாகத் தெரியும் ‘காரைக்குடி’ கணினியில் பத்துக் குறியீடுகள்; ஒவ்வொன்றும் மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறிகளாக விரியும். ஆக, அந்த ஒரு சொல்லுக்கே 90 குறிகள் தேவைப்படுகின்றன. சில கருவிகள் இதையே கோப்புப் பெயராக வைத்துச் சேமிக்கும்போது, விண்டோஸ் வழக்கமாக அனுமதிக்கும் 260 குறி எல்லையைக் கோப்புறைப் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்த பாதை தாண்டிவிடுகிறது. அந்தக் கோப்புகள் சேமிக்கப்படாமல் போவதையோ, வேறு கணினிக்கு நகலெடுக்கும்போது விடுபடுவதையோ யாரும் கவனிப்பதில்லை. குட்டையான ஆங்கில முகவரி கொண்ட பக்கங்கள் எல்லாம் பத்திரமாக இருக்க, நீண்ட தமிழ்த் தலைப்புள்ள கட்டுரைகள் மட்டும் மாயமாவது இதனால்தான்.

வெளித்தோற்றத்தைச் சேமித்தவர்கள் உள்ளிருப்பதை விட்டுவிடுவதும், உள்ளிருப்பதை எடுத்தவர்கள் தோற்றத்தை விட்டுவிடுவதும் வழக்கம். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் அமைந்த தளத்தில் ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினால் வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது. படங்களின் முகவரிகள் மட்டுமே இருக்கும். சர்வர் நின்ற அன்றே அந்த முகவரிகள் பயனற்றவையாகிவிடும். தரவுத்தளத்தின் நகல், பதிவேற்றப்பட்ட படங்களின் முழுக் கோப்புறை, பார்வையாளர் கண்ட வடிவத்தின் வார்க் நகல் ஆகிய மூன்றும் வேண்டும்.

2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கப்பட்ட தளங்களில் எழுத்துருச் சிக்கல் வேறு காத்திருக்கிறது. அந்நாளில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறைகளில் திஸ்கி ஒருபுறம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து வந்த டாப், டாம் ஒருபுறம், பாமினி போன்ற தனித்தனி எழுத்துருக்கள் மறுபுறம் என்று வழங்கின. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் (யூனிகோடு) டேஸ்16 என்னும் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது 2010இல்தான். பாமினியில் எழுதிய ‘அம்மா’ கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கும். எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். இதைக் கண்டு பதறி, எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றும் கருவியில் கொட்டி ஒருங்குறியாக்கிவிட்டு மூலத்தை அழித்துவிடுவது பெருந்தவறு. பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், கட்டுரைக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மாற்றத்தில் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகச் சிதைந்துவிடும். திஸ்கியில் ஆங்கிலம் தனி இடத்தில் இருப்பதால் இந்தக் கேடு குறைவு. மூலக் கோப்பு, அதற்குரிய எழுத்துருக் கோப்பு, ஒருங்குறிக்கு மாற்றிய பிரதி ஆகியவற்றை அருகருகே வைத்துவிட்டால், நாளை வேறொருவர் பிழையைத் திருத்திக்கொள்ள முடியும். பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் டைனமிக் எழுத்துருவை நம்பியிருந்த பக்கங்களை இன்றைய உலாவிகள் சரியாகக் காட்டுவதில்லை. எனவே அந்த எழுத்துருக் கோப்பையும் தேடி எடுத்துவைக்க வேண்டும்.

தளத்தில் தெரிவதெல்லாம் தளத்தில்தான் இருக்கிறது என்று நினைப்பதும் பிழையே. குடமுழுக்குக் காணொளி யூடியூபில் இருக்கும். படத் தொகுப்பு யாரோ ஒருவரின் கூகுள் டிரைவில் இருக்கும். நாற்காலிக்கு வாடகை கொடுத்த ரசீது வரை வேறெங்கோ இருக்கும். ஒரு காலத்தில் எல்லோரும் படங்களை ஏற்றிவைத்த பிகாசாவை 2016இல் கூகுள் கைவிட்டது. ஜியோசிட்டீஸ் என்னும் சேவையில் பலரும் இலவசமாக அமைத்திருந்த தளங்களை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழு இரவு பகலாக நகலெடுத்ததால்தான் அவற்றில் பெரும்பகுதி மிஞ்சியது. நம் ஊர்த் தளத்துக்காக அப்படி யாரும் வரப்போவதில்லை. ஃபிளாஷ் என்னும் அசைபட மென்பொருளில் அமைந்த முகப்புகளும் 2020 இறுதியோடு உலாவிகளில் விடைபெற்றுவிட்டன.

சேமிக்கும்போதே தளத்தைச் ‘சீர்திருத்தும்’ ஆசை பலருக்கு வருகிறது. பழைய செயலாளரின் பெயரை நீக்குவது, நன்கொடைத் தொகையில் கண்ட பிழையைத் திருத்துவது, மங்கிய படத்தை மாற்றுவது என்று கைவைத்துவிட்டால் அது அந்த அமைப்பு வெளியிட்ட ஆவணமாக இராது. பிழை இருந்தால் தனிக் குறிப்பில் எழுதலாம். பக்கத்தைத் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிடுவதை நான் இன்னும் கடுமையான தவறாகக் கருதுகிறேன். மூடப்பட்ட திருமணத் தகவல் மையத்தின் தரவுத்தளத்தில் சாதகக் குறிப்பு, சம்பளம், கைபேசி எண் எல்லாம் இருக்கும். புள்ளிப் பட்டியலில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதே தெரிந்துவிடும். பெரிய வீடுகளில் பாதிக்குமேல் காவல்காரரை நம்பியிருக்கும் ஊர்களில் இது விளையாட்டல்ல. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, தகவல் கொடுத்தவர்கள் அந்தச் சேவைக்காக மட்டுமே கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பொதுவில் வைக்கும் பிரதி வேறு, பூட்டி வைக்கும் பிரதி வேறு. சில பதிவுகளை முற்றாக அழித்துவிடுவதே முறை.

சேமித்ததை ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டு ஒருவர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் அது காப்பு ஆகாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது காப்பகத் துறையில் வழங்கும் கணக்கு. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண்ணைக் குறித்து வைத்தால், ஆண்டுதோறும் ஒப்பிட்டுக் கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கவும் முயலலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும், குப்பை என்று பிறர் கழித்த அழைப்பிதழ்களும் நாடக நோட்டீசுகளும், 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. காகிதத்துக்கு அப்படியொருவர் வாய்த்தார். அதன் பயனை இன்று ஆராய்ச்சியாளர்கள் அனுபவிக்கிறார்கள்.

ஒப்படைக்கும்போது உடன் ஒரு விவரக் குறிப்பு இல்லையென்றால், வாங்குபவருக்கு அது என்னவென்றே புரியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அழகான தேக்குத் தூண்கள் கிடைக்கின்றன. எந்த ஊர், எந்த வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நின்றவை என்பது பெரும்பாலும் கிடைப்பதில்லை. தளத்துக்கும் அது நேராதிருக்க, எந்த முகவரி, எந்தத் தேதியில், எந்தக் கருவியால் எடுக்கப்பட்டது, யார் அனுமதித்தார், அமைப்பு எப்போது தொடங்கி எப்போது கலைந்தது, எவையெல்லாம் எடுக்க முடியாமல் விடுபட்டன என்பவற்றைச் சாதாரண உரைக்கோப்பில் எழுதி உடன் வைக்க வேண்டும். விடுபட்டவற்றின் பட்டியலை எழுதுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. அதுவே பின்னால் வருபவருக்கு மிகவும் பயன்படும்.

ஹோஸ்டிங்கை நிறுத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். சேமித்ததை வேறொரு கணினிக்கு மாற்றி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இணைப்போடு பார்த்தால், சேமிக்கப்படாத படங்களை உலாவி இயங்கிக்கொண்டிருக்கும் பழைய தளத்திலிருந்தே எடுத்துவந்து காட்டிவிடும், குறை தெரியாது. இணைப்பில்லாமல் பார்க்கும்போது வெற்றுக் கட்டங்களாக நிற்பவற்றைக் குறித்துக்கொண்டு, சர்வர் இன்னும் உயிரோடு இருக்கும் அந்தச் சில நாள்களுக்குள் மறுபடி எடுத்துவிடலாம்.